பட்ட மரத்தில் தொடங்குங்கள்: புறநகர் மரங்கொத்திகளைப் பார்க்க ஒரு வழிகாட்டி

மரங்கொத்தியைப் பார்க்க முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ பஸ் ஏற வேண்டியதில்லை. தாம்பரம், சேலையூர், வண்டலூர், மேடவாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது தெருமுனைப் பறவை. பொன்முதுகு மரங்கொத்தி என்று பெயர். மைனாவைவிடக் கொஞ்சம் நீளம், 26 முதல் 29 செ.மீ. வரை இருக்கும். முதுகு தங்க மஞ்சள், கொண்டை இரத்தச் சிவப்பு. இவ்வளவு பளிச்சென்ற பறவை பத்து வருடமாகக் கண்ணில் படவில்லை என்று பலர் சொல்வதற்கு ஒரே காரணம்தான்: எல்லோரும் பச்சை மரத்தைப் பார்க்கிறார்கள். மரங்கொத்தியின் வீடும் சோறும் மரத்தின் பட்டுப்போன பகுதியில் இருக்கின்றன. ஆகவே பறவையைத் தேடாதீர்கள். பட்ட மரத்தைத் தேடுங்கள், பறவை அங்கே வந்து சேரும்.

இங்கே உதாரணங்கள் சென்னையின் தென்புறநகரிலிருந்து எடுத்தவை. திருச்சி, மதுரை, கோவைப் புறநகர்களிலும் முறை இதுவேதான்.

முதலில் வரைபடம், பிறகுதான் பைனாகுலர்

போனில் கூகுள் மேப்பைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் போதும். கரும்பச்சையாகத் தெரியும் பெரிய திட்டுகளை முதலில் குறியுங்கள். தென்புறநகரில் அவை எவை என்பது ஊரறிந்தது. நன்மங்கலம் காப்புக்காடு ஒன்று. வண்டலூர் உயிரியல் பூங்கா இன்னொன்று. 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய கிறித்தவக் கல்லூரியின் சுமார் 365 ஏக்கர் வளாகம் மூன்றாவது. இவை கிணறு மாதிரி. எப்போதும் பறவை இருக்கும். நமக்கு வேண்டியது கிணற்றிலிருந்து தெருவுக்கு வரும் வாய்க்கால்.

அந்த வாய்க்கால் பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும்: ஏரிக்கரை, மழைநீர்க் கால்வாயின் கரை, ரயில்வே குடியிருப்பு, கோயில் நந்தவனம், சுடுகாடு, நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் மனை பிரித்த காலனியின் கொல்லைப்புறங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தெருவில் நின்று பார்த்தால் அங்கே மரமே இல்லாத மாதிரி இருக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டு வீட்டு வரிசைகளுக்கு நடுவே மா, தென்னை, முருங்கை, வேம்பு எனப் பச்சைக் கோடு ஒன்று ஓடுவது தெரியும். மரங்கொத்தி போய்வருவது அந்தக் கோட்டில்தான்.

கோட்டை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். 50 மீட்டருக்கு மேல் மரமே இல்லாத இடைவெளிகளைச் சிவப்பு மையால் குறியுங்கள். அகலச் சாலையோ, புது அடுக்குமாடிக் கட்டடமோ, காலி மனையோ எதுவாக இருந்தாலும் சரி. மரங்கொத்தி அதைத் தாண்டாது என்பதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை, தாராளமாகத் தாண்டும். ஆனால் திறந்த வெளியைக் கடக்கும் இடம் என்பதால் இலை மறைப்பில்லாமல் முழுப் பறவையும் தெரியும் இடம் அதுதான். காலை ஏழு மணிக்குச் சிவப்புக் கோட்டின் ஒரு முனையில் அரை மணி நேரம் நின்றால், தோப்புக்குள் இரண்டு மணி நேரம் அலைவதைவிடப் பலன் அதிகம்.

இதில் புதியவர்கள் செய்யும் தவறு, தண்டவாளத்து ஓரத்து மரவரிசையைப் பார்த்துவிட்டுத் தண்டவாளத்திலேயே நடப்பது. மேலே பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு ரயில் சத்தம் காதில் ஏறாது. நடைமேடையின் முனையிலிருந்தோ மேம்பாலத்திலிருந்தோ பாருங்கள், போதும்.

பட்டதா, இலை உதிர்த்ததா?

வரைபடம் ஆனதும் கோட்டின் வழியே நடந்து பட்ட மரங்களையும் பட்ட கிளைகளையும் கணக்கெடுங்கள். மாசி, பங்குனியில் இதைச் செய்தால் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. வாகை மரம் அப்போது இலையெல்லாம் கொட்டி, காய்ந்த காய்கள் சலசலக்க, செத்த மரம் மாதிரியே நிற்கும். ஒதிய மரம் மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். கைக்கெட்டும் சுள்ளியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, பொடியாக உதிர்ந்தால் அந்தக் கிளை பட்டுவிட்டது. எட்டாத உயரமென்றால் பட்டையைப் பாருங்கள். பட்ட கிளையில் பட்டை வெடித்துத் தகடு தகடாக உரியும். நுனிச் சுள்ளிகள் ஒடிந்து கிளை மொண்ணையாக இருக்கும்.

ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று தச்சர்கள் ஒதுக்கிய மரத்தை மரங்கொத்தி ஒதுக்குவதில்லை. அதற்கு வேண்டியதே மெத்தென்ற, உளுத்துப்போகும் மரம்தான். முருங்கை, கல்யாண முருங்கை, இலவம், ஒதியம், தலை முறிந்த தென்னை ஆகியவற்றை முதலில் பாருங்கள். தேக்கு, புளி மாதிரி வைரம் பாய்ந்த மரங்களில் புயலில் கிளை முறிந்த இடத்தைப் பாருங்கள். மழைநீர் இறங்கி உள்ளே அழுகத் தொடங்கும் வாசல் அது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கணக்கில்லாத மரங்களைச் சாய்த்தது. சாயாமல் கிளை மட்டும் முறிந்து நின்றவற்றை இன்றும் பழைய தெருக்களில் பார்க்கலாம். முறிந்த முனை கறுத்து, கீழே ஒரு வட்ட ஓட்டை தெரிந்தால், உங்கள் தாளில் அதற்கு ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: என்ன மரம், தண்டின் குறுக்களவு உத்தேசமாக எவ்வளவு, பட்ட பகுதி தரையிலிருந்து எத்தனை மீட்டர், ஓட்டை உண்டா இல்லையா. குறுக்களவை அளக்க டேப் வேண்டாம். மார்பு உயரத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் போதும்.

பார்த்தது மரங்கொத்திதானா?

தமிழ்நாட்டில் மரங்கொத்தி என்று காட்டப்படும் பறவைகளில் பாதி, மரங்கொத்தியே அல்ல. புல்தரையில் இறங்கி நீண்ட அலகால் மண்ணைக் குத்தும், விசிறி மாதிரி கொண்டையை விரிக்கும் பழுப்புப் பறவை கொண்டலாத்தி. பள்ளிக்கூடச் சுவர்ப் படங்களில்கூட அதன் கீழே மரங்கொத்தி என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை இருந்து, பறவை தரையில் நடந்தால், அது கொண்டலாத்தி.

இரண்டாவது குழப்பம் குக்குறுவான். செம்மார்புக் குக்குறுவான் பச்சை நிறம், நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. செம்பு தட்டும் கன்னான் மாதிரி டுக், டுக், டுக் என்று ஒரே சீராக நிமிடக்கணக்கில் கத்தும். அதைக் கேட்டு மரங்கொத்தி கொத்துகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. அது குரல்தான், கொத்தும் ஓசை அல்ல. குக்குறுவானும் பட்ட கிளையைக் குடைந்து பொந்து செய்யும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. பொந்தை வைத்துப் பிரிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறோம்.

பொன்முதுகு மரங்கொத்தியை உறுதி செய்ய மூன்று இடம் பாருங்கள். தொண்டை கறுப்பு, அதில் வெள்ளைக் கீற்றுகள். இறக்கை விரியும்போது முதுகின் அடிப்பகுதி, அதாவது வாலுக்கு மேலே உள்ள பகுதி, கறுப்பு. தலை உச்சி முழுக்கச் சிவப்பென்றால் ஆண். நெற்றிப் பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் பின்கொண்டை மட்டும் சிவப்புமாக இருந்தால் பெண். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புறநகர்களில் இதேபோல மஞ்சள் முதுகு கொண்ட வேறு மரங்கொத்திகளும் உண்டு. அவற்றில் பெரிய பொன்முதுகு மரங்கொத்திக்கு முதுகின் அடிப்பகுதி சிவப்பு. ஆக, கோவை வாசகர்கள் பறவை பறக்கும் அந்த ஒரு நொடியைத் தவற விடக்கூடாது.

சமவெளியில் முட்காட்டை ஒட்டிய குடியிருப்புகளில், உச்சியில் மஞ்சளும் வயிற்றில் ஒரு சிவப்புத் திட்டும் கொண்ட மராட்டா மரங்கொத்தி கிடைக்கலாம். 17, 18 செ.மீ.தான், உடல் முழுக்கப் பழுப்பும் வெள்ளையுமாகப் பொரிப்பொரியாக இருக்கும். வேலமரம் மாதிரிக் குட்டை மரங்களில் சத்தமில்லாமல் வேலை செய்வதால், அதைக் குரலை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம்.

யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வட இலங்கையில் இருப்பதும் இதே மஞ்சள் முதுகுப் பறவைதான். அந்தத் துணையினத்தின் அறிவியல் பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது. தெற்கே போகப் போக முதுகு சிவப்பாகிவிடும். அந்தச் செம்முதுகுப் பறவையை இன்று தனி இனமாகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

காது முந்தும்

இந்தப் பறவையைப் பத்தில் எட்டு முறை முதலில் கேட்போம், பிறகுதான் பார்ப்போம். குதிரை கனைப்பதை வேகமாக ஓட்டிவிட்டது போல, கிகிகிகிகி என்று உரத்துத் தொடங்கி இறங்கி முடியும் ஒரு சிரிப்பு. பெரும்பாலும் மரம் விட்டு மரம் பறக்கும்போது அந்தக் குரலை விடும். குரல் கேட்ட மாத்திரத்தில் மரத்தின் உச்சியைப் பார்ப்பதுதான் எல்லோருடைய அனிச்சை, அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மரங்கொத்தி தாழ்வாக வந்து அடுத்த மரத்தின் கீழ்த்தண்டில் ஒட்டும். அங்கிருந்து சுற்றிச் சுற்றி மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் பறந்து இன்னொரு மரத்தின் அடிக்கு வரும். ஆகவே குரல் ஓய்ந்ததும் தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் தண்டுகளைத் துழாவுங்கள்.

பறக்கும் விதமும் தனி. சில முறை இறக்கை அடிக்கும், பிறகு உடலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் பறவை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தையல் போட்ட மாதிரிப் போகும். மைனாவும் கிளியும் இப்படிப் பறக்காது.

கொத்தும் ஓசையில் இரண்டு வகை. இரை தேடும்போது டொக், டொக்டொக், இடைவெளி, டொக் என ஒழுங்கில்லாமல் வரும். எல்லை அறிவிக்க அடிப்பது முரசு மாதிரித் தொடர்ச்சியான உருட்டல். பொன்முதுகு மரங்கொத்தி முரசடிப்பது எப்போதாவதுதான். வெளிநாட்டு வீடியோக்களில் கேட்ட அந்த நீண்ட உருட்டலுக்காகக் காத்திருந்தால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். ஒழுங்கற்ற டொக்டொக்கைத் தொடர்ந்து போங்கள்.

மெர்லின் செயலி குரலைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் அணிலின் தொடர் கீச்சும், தூரத்து மிக்சி சத்தமும், குக்குறுவானும் கலந்த தெருவில் அது தடுமாறும். செயலி பெயர் சொன்னால் மட்டும் பதிவு செய்யாதீர்கள். பறவையைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

மரத்தடியில் நிற்கும் முறை

பைனாகுலர் 8×42 போதும். 10×, 12× என்று பெரிதாக்கும் எண் கூடினால் நல்லது என்று கடைக்காரர் சொல்லலாம். கை நடுக்கமும் அதே அளவு கூடும், பார்க்கும் வட்டமும் சுருங்கும். கொல்லைப்புறத்துக் கிளைகளுக்கு நடுவே நகரும் பறவையை அந்தச் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். பைனாகுலரே இல்லாவிட்டாலும் பாதகமில்லை, 20 மீட்டரில் இந்தப் பறவையை வெறுங்கண்ணால் தாராளமாக இனம் காணலாம்.

நேரம் காலை ஆறு முதல் ஒன்பது வரை, மாலை நாலரை முதல் இருட்டும் வரை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் தங்க முதுகும் காக்கை முதுகும் ஒன்றுதான்.

மரங்கொத்திக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் நடமாட்டம் கண்டால் தண்டின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். கண்ணாமூச்சியில் மனிதன் ஜெயித்ததில்லை. பறவை மறைந்த இடத்தில் அசையாமல் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். பொதுவாகச் சில நிமிடங்களில் கொண்டை எட்டிப் பார்க்கும், பிறகு வேலை தொடரும். அப்போது அவசரப்படாமல் பாருங்கள். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரலாகப் பட்டையைப் பற்றியிருக்கும். வாலின் இறகுகள் விறைப்பாகத் தண்டில் ஊன்றி மூன்றாவது கால் மாதிரித் தாங்கும். மெல்ல இரண்டு தட்டு. தலையைச் சாய்த்து ஒரு பக்கம் நகரும். இன்னும் ஒரு தட்டு. திடீரென்று கழுத்தை முழுக்கப் பின்னுக்கு இழுத்து ஓங்கி அடிக்கும். பட்டைச் சில்லு தெறித்து விழும். அந்த ஓட்டைக்குள் நாக்கு போய்வருவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அலகு சில நொடி ஓட்டையோடு ஒட்டி நிற்பது மட்டும் தெரியும். எறும்பும் கரையானும் வண்டுப் புழுவும் அப்படித்தான் உள்ளே போகின்றன. நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டின் பின்பக்கமாகச் சுற்றி மேலே ஏறுவதால்தான் அவ்வளவு நீளமாக நாக்கை நீட்ட முடிகிறது.

இவ்வளவு அடித்தும் தலை வலிக்காதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மண்டையோடு ஸ்பாஞ்சு மாதிரி அதிர்ச்சியை உறிஞ்சுகிறது என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. 2022இல் அதிவேகக் கேமராவில் எடுத்த படங்களை அளந்து பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தது. தலை கெட்டியான சுத்தியல் மாதிரித்தான் வேலை செய்கிறது. உறிஞ்சினால் அடியின் வேகம் வீணாகிவிடும் அல்லவா? மூளை மிகச் சிறியது என்பதால் அந்த அடி அதைப் பாதிப்பதில்லை.

பொந்து கிடைத்தால்

மரத்தடியில் புதிதாக, வெளிர் நிறத்தில், விரல் நகம் அளவு மரச்சில்லுகள் சிதறிக் கிடந்தால் மேலே பொந்து தோண்டுகிறார்கள் என்று அர்த்தம். மாவு மாதிரி மெல்லிய தூள் என்றால் அது வண்டின் வேலை, ஏமாற வேண்டாம். பொந்தின் வாயைப் பாருங்கள். மரங்கொத்தியுடையது ஏழெட்டு செ.மீ. அகலம், பெரும்பாலும் தண்டிலோ தடித்த கிளையிலோ இருக்கும். கிடையாக உள்ளே போய்ப் பிறகு கீழே இறங்கும். குக்குறுவான் பொந்தின் வாய் அதைவிடச் சிறியது, மெல்லிய கிளையின் அடிப்புறத்தில் தரையைப் பார்த்தபடி இருக்கும்.

பொன்முதுகு மரங்கொத்தியின் இனப்பெருக்கக் காலம் பிப்ரவரி முதல் ஜூலை வரை. வழக்கமாக மூன்று முட்டை, பளபளக்கும் வெள்ளை. பொந்துக்குள் வைக்கோல், பஞ்சு எதுவும் விரிப்பதில்லை. சுமார் 11 நாளில் பொரிக்கும், அதன்பின் சுமார் 20 நாளில் குஞ்சு வெளியே வரும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பொந்து குடையும் நாட்களும் சேர்த்தால், புதுச் சில்லைப் பார்த்த தேதியிலிருந்து எட்டு வாரத்துக்கு அந்த மரத்தை யாரும் தொடக்கூடாது. இந்தத் தேதியைத் தெருக்காரர்களிடமும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் கோடைதான் வீடு கட்டுபவர்கள் மரம் வெட்டும் காலமும்.

பொந்தைப் பார்ப்பதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. குறைந்தது 15 முதல் 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒரு முறைக்கு இருபது நிமிடம் போதும். தாய் தந்தை இரண்டும் மாறி மாறி வரும். வாயில் இரையோடு வந்த பறவை பக்கத்து மரத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே உள்ளே போகாமல் இருந்தால், நீங்கள் கிட்டே நிற்கிறீர்கள். பத்தடி பின்வாங்குங்கள். குச்சியில் போனைக் கட்டிப் பொந்துக்குள் படம் எடுப்பது, ஏணி வைப்பது, ஃபிளாஷ் அடிப்பது எதுவும் வேண்டாம். குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு அழைப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். எதிரி வந்துவிட்டதாக நினைத்து ஆண் முட்டையை விட்டுத் தேடி அலையும். அந்த நேரத்தில் மைனா பொந்துக்குள் புகுந்துகொள்ளும். பிறகு அதைக் கிளப்ப முடியாது.

மைனாவும் கிளியும் பொந்தைப் பறிப்பது அன்றாடம் நடப்பது. அதைத் தடுக்கக் கல் எறியாதீர்கள். மரங்கொத்தி வேறு பொந்து தோண்டும். அதனால் தோண்ட முடியும், மற்றவற்றால் முடியாது. பழைய பொந்துகளில் புள்ளி ஆந்தை, குண்டுக்கரிச்சான், கிளி, அணில் எல்லாம் குடியேறும். உங்கள் தெருவில் இரவில் புள்ளி ஆந்தை கிறீச்சிட்டால், அது குடியிருப்பது ஒரு காலத்தில் மரங்கொத்தி கட்டிய வீடாக இருக்கலாம்.

எப்படியிருந்தாலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவைக்கும் பொருந்தும். பிடிப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம். தெருவில் பேச்சு முற்றும்போது இதைச் சொல்லலாம், முதலிலேயே சொன்னால் காரியம் கெடும்.

எண்ணுவதும் எழுதுவதும்

வாரம் ஒரு நாள், ஒரே வழி, ஒரே நேரம், எட்டு வாரம். இதுதான் குறைந்தபட்சம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கேட்டது எத்தனை, பார்த்தது எத்தனை, ஆணா பெண்ணா, எந்த மரம் என்று எழுதுங்கள். பார்க்காத நாளையும் எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால், குறிப்பைப் பார்க்கும்போது பறவை எப்போதும் இருந்த மாதிரித் தோன்றும்.

கூடுதலாக எண்ணிவிடுவது இங்கே சகஜம். ஒரு ஜோடி ஒரு காலையில் கோட்டின் இரு முனைக்கும் போய்வரும். அதை நான்கு பறவை என்று எழுதிவிடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஆண்களைப் பார்த்தாலோ, ஒன்றுக்கொன்று எதிர்க்குரல் கொடுப்பதைக் கேட்டாலோ மட்டுமே இரண்டு ஜோடி என்று எழுதுங்கள். நண்பரை மறுமுனையில் நிறுத்தி, இருவரும் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு குறித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

குறிப்புகளை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். ஆனால் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது பொந்தின் துல்லியமான இடத்தைப் படத்தோடு சமூக ஊடகத்தில் போடாதீர்கள். மறுநாளே கேமராக்காரர்கள் பத்துப் பேர் அங்கே நிற்பார்கள். ஜனவரியில் வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். வீட்டு மாடியில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே பட்டியல் ஆகிவிடும்.

பட்ட மரத்தை நிற்க வைப்பது

இந்தக் கட்டுரையில் கடினமான பகுதி இதுதான். பட்ட மரம் என்றால் வீட்டுக்கு ஆகாது என்று ஒருவர் சொல்வார், மேலே விழும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டாவது பயம் நியாயமானது. அதற்கு விடை, மரத்தை முழுசாக வெட்டாமல் குட்டையாக்குவது.

முதலில் மரத்தின் உயரத்தை உத்தேசியுங்கள். அந்த உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் வீடு, மின்கம்பி, நடைபாதை, வண்டி நிறுத்துமிடம் எதுவும் இல்லையென்றால் மரத்தை அப்படியே விடலாம். இருந்தால் மேல்பகுதியை இறக்கச் சொல்லுங்கள். தண்டு மட்டும் மூன்று, நான்கு மீட்டர் உயரத்துக்கு நிற்கட்டும். தண்டின் தடிமன் 20 முதல் 25 செ.மீ.க்குக் குறையாத இடத்தில் வெட்ட வேண்டும். அதைவிட மெலிந்தால் உள்ளே கூட்டுக்கு இடம் போதாது. வெட்டுமுகத்தைக் கொஞ்சம் சாய்வாக விடுங்கள். தண்ணீர் வழிந்தோடும், தண்டு இன்னும் சில வருடம் தாங்கும். மின்கம்பிக்குப் பக்கத்தில் மரம் இருந்தால் நீங்களாக ஆள் வைத்து வெட்டாதீர்கள், மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து இணைப்பை நிறுத்தச் சொன்ன பிறகே வேலை நடக்க வேண்டும். பொது இடத்து மரமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

எப்போது வெட்டுவது? ஆடி முடிந்து ஐப்பசி மழை பிடிப்பதற்குள். குஞ்சுகள் பறந்திருக்கும், புயலும் வந்திருக்காது. மழைக்கு முன் கிளை கழிக்க வரும் ஆட்களிடம் உங்கள் நட்சத்திரத் தாளைக் காட்டி, எதை எந்த உயரத்தில் நிறுத்த வேண்டும் என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுங்கள். வாய்ப்பேச்சு மட்டும் போதாது. காலையில் பேசிவிட்டு அலுவலகம் போய்த் திரும்பினால் தரைமட்டமாக வெட்டியிருப்பார்கள்.

தலை போன தென்னைக்கும் பனைக்கும் இதே விதிதான். மட்டை இல்லாத மொட்டைத் தண்டு காற்றை அதிகம் வாங்காது, அதனால் சட்டென்று சாய்வதில்லை. ஆனால் அடியில் கரையான் அரித்துவிட்டதா என்று வருடத்துக்கு இரண்டு முறை பாருங்கள். தண்டின் அடியைக் கட்டையால் தட்டுங்கள். கெட்டியான ஒலி என்றால் நிற்கட்டும், வெற்றுப் பானை மாதிரி ஒலித்தால் இன்னும் ஒரு மீட்டர் குறையுங்கள்.

பொந்தில் சிமென்ட் பூசுவது, தண்டுக்கு வெள்ளையடிப்பது, கரையான் மருந்து ஊற்றுவது மூன்றும் மரங்கொத்தியை விரட்டும். மருந்து ஊற்றினால் விரட்டுவதோடு நிற்காது. விஷம் ஏறிய கரையானைத் தின்று பறவை சாகும். வீட்டுக்குக் கரையான் வரும் என்று பயந்தால் தண்டுக்கும் சுவருக்கும் நடுவே காய்ந்த மட்டை, விறகு எதையும் அடுக்காமல் இருங்கள்.

மரப்பெட்டிக் கூடு வாங்கி மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். மரங்கொத்திக்குத் தானே குடைந்தால்தான் வீடு. பெட்டி மாட்டினால் மைனாவும் அணிலும் நன்றி சொல்லும், அவ்வளவுதான். அந்தக் காசுக்கு நான்கு முருங்கைப் போத்தும் இரண்டு கல்யாண முருங்கைப் போத்தும் வாங்கி, உங்கள் வரைபடத்தின் சிவப்பு இடைவெளியில் நடுங்கள். கல்யாண முருங்கை பூக்கும்போது தேனுக்காகவும் மரங்கொத்தி வரும்.

அடிபட்ட பறவை கிடைத்தால்

கண்ணாடிச் சன்னலில் மோதி விழும் பறவைகள்தான் அதிகம். மூச்சு விடுகிறதென்றால் மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். அலகில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கொத்தும் பறவை என்பதால் முகத்துக்குக் கிட்டே பிடிக்கக்கூடாது. ஒரு மணி நேரத்தில் தெளிந்தால் விழுந்த இடத்திலேயே பெட்டியைத் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ, கண் திறக்காவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். இறகு முளைத்த குஞ்சு மரத்தடியில் கிடந்தால், பொந்து இருக்கும் மரத்தின் சொரசொரப்பான தண்டில் தலைக்கு மேல் உயரத்தில் ஒட்டி விடுங்கள், நகம் பிடித்துக்கொள்ளும். பூனை வராமல் தூரத்தில் நின்று பார்த்தால் பெற்றோர் வந்து ஊட்டுவதைப் பார்க்கலாம்.

நிறுத்தி வைத்த தண்டும் ஒரு நாள் விழும். விழுந்தால் உடனே அகற்றிவிட வேண்டாம், வேலி ஓரமாக உருட்டி விடுங்கள். மழைக்குப் பிறகு அதில் கரையானும் எறும்பும் ஏறும். அப்புறம் ஒரு நாள் காலையில் மரங்கொத்தி தரையில் இறங்கி, கொண்டலாத்தி மாதிரியே தத்தித் தத்திப் போய் அந்தக் கட்டையைக் கொத்திக்கொண்டிருக்கும். அது எந்தப் பறவை என்று பக்கத்து வீட்டுக்காரர் அப்போது கேட்டால், தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.